காம்போசிட் பல் அடைப்பு: பொருளும் சோதனையும்

சொத்தைப் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின் உண்டாகும் குழியைப் பல்லின் நிறத்திலேயே நிரப்பப் பயன்படும் பசை போன்ற பொருள் காம்போசிட் எனப்படுகிறது. தமிழில் கூட்டுப்பொருள் எனலாம். நீல ஒளி பட்டதும் சில நொடிகளில் இது கல்லைப்போல் இறுகிவிடும். எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் இதையும், பழைய வெள்ளி நிற அடைப்பையும், குழந்தைகளுக்கு அதிகம் வைக்கும் கண்ணாடி அயனோமரையும் வேறுபாடு பார்க்காமல் ‘சிமெண்ட் வைத்து அடைத்தார்கள்’ என்றே சொல்வார்கள். உண்மையில் மூன்றும் வெவ்வேறு வேதிப்பொருள்கள். இறுகும் விதமும் கெட்டுப்போகும் விதமும் மூன்றுக்கும் வேறுவேறு.

ஒரே நிறுவனத்தின் ஒரே பசை ஒருவர் வாயில் பத்தாண்டு நிற்கிறது. இன்னொருவர் வாயில் இரண்டு ஆண்டில் ஓரம் கறுத்து, உள்ளே மறுபடி சொத்தை விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் குற்றம் பசையில் இல்லை. அடைப்பில் நாம் கண்ணாடியில் பார்ப்பதும் நாக்கால் தடவிப் பார்ப்பதும் மேற்பரப்பைத்தான். தோல்வி தொடங்குவதோ அடியிலும் ஓரத்திலும். அந்த மறைவிடங்களில் என்ன நடக்கிறது என்று அறிவதற்காகவே காம்போசிட்டுக்கான சோதனைகள் பலவும் உருவாயின. எனவே பொருளை முதலில் பார்த்துவிட்டு, அந்தச் சோதனைகளுக்குப் போவோம்.

எதனால் ஆனது?

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குக் காம்போசிட்டைப் புரிந்துகொள்வது எளிது. அங்கே சிமெண்ட் ஒட்டும் பொருள். மணல் உடலைக் கொடுக்கும் பொருள். சிமெண்ட் மட்டும் இருந்தால் சுருங்கி வெடிக்கும். மணல் மட்டும் இருந்தால் உதிர்ந்துபோகும். இரண்டும் சேர்ந்தால்தான் கல். காம்போசிட்டில் சிமெண்டின் இடத்தில் இருப்பது ஒரு பிசின். மணலின் இடத்தில் இருப்பது மிக நுண்ணிய கண்ணாடித் தூள் அல்லது சிலிக்கா. எடையில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்குவரை இந்தத் தூள்தான்.

ஆனால் ஒரு சிக்கல். கண்ணாடிக்கும் பிசினுக்கும் இயல்பாக ஒட்டுதல் கிடையாது. ஆகவே ஒவ்வொரு தூள் துகளின்மேலும் சிலேன் என்ற சேர்மத்தைப் பூசுகிறார்கள். அதன் மூலக்கூறு இரட்டை முகம் கொண்டது. ஒரு முனை கண்ணாடியிலுள்ள சிலிக்கனோடும், மறுமுனை பிசினோடும் பிணைகிறது. தூள், பிசின், இரண்டையும் இணைக்கும் சிலேன் ஆகிய மூன்றும் இல்லாமல் காம்போசிட் இல்லை. வாயின் ஈரத்தில் நாள்பட நாள்பட இந்தச் சிலேன் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக நீராற்பகுப்பு அடைவதும் அடைப்பு முதுமையடைவதற்கு ஒரு காரணம்.

இந்த அமைப்பைக் கண்டவர் அமெரிக்கப் பல் மருத்துவரும் ஆய்வாளருமான ரஃபேல் போவன். அவருக்கு முன் பல் நிறத்தில் இருந்தவை இரண்டே. சிலிகேட் சிமெண்ட் எச்சிலில் மெல்லக் கரைந்தது. அக்ரிலிக் பிசின் இறுகும்போது மிக அதிகமாகச் சுருங்கியது. போவன் எபாக்சி பிசினோடு மெதாக்ரிலேட்டை இணைத்து, பிஸ்-ஜிஎம்ஏ என்ற பெரிய மூலக்கூறை உண்டாக்கினார். அதில் சிலேன் பூசிய தூளைக் கலந்தார். இதற்கான காப்புரிமை 1962-இல் கிடைத்தது. மூலக்கூறு பெரிதாக இருந்தால் சுருக்கம் குறையும். ஆனால் தேனைவிடக் கெட்டியாகிவிடும், தூளைக் கலக்க முடியாது. அதனால் டெக்டிமா போன்ற மெல்லிய திரவத்தைச் சேர்த்து இளக்குகிறார்கள். இளக்கினால் சுருக்கம் மறுபடி கூடும். காம்போசிட் தயாரிப்பின் வரலாறு முழுவதும் இந்த இழுபறிதான்.

தூளின் பருமனும் காலத்தோடு மாறிவந்தது. தொடக்கத்தில் பத்து மைக்ரோமீட்டருக்கும் மேற்பட்ட பெரிய துகள்கள் இருந்தன. பிசின் தேய்ந்ததும் துகள் வெளியே துருத்தி, அடைப்பு சொரசொரப்பாகிக் கறை பிடித்தது. இன்று ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த கண்ணாடித் தூளோடு நானோ அளவுச் சிலிக்காவையும் கலக்கிறார்கள். வலிமையும் கிடைக்கிறது, பளபளப்பும் நிற்கிறது.

வெள்ளி அடைப்பிலிருந்து வெள்ளை அடைப்புக்கு

காம்போசிட்டுக்கு முன் நூறாண்டுக்கும் மேலாகக் கடைவாய்ப் பற்களில் கோலோச்சியது இரசக்கலவை. எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இதைப் பற்றிப் பேசும்போது காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு நெருக்கமான தொடர்பு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. அரிமானம், மின்கலம் ஆகியவை அதன் முதன்மைத் துறைகள். இரசக்கலவை அடைப்பு வாய்க்குள் இருக்கும் ஒரு மின்வேதியியல் பாடம் எனலாம். மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாளின் துணுக்கு வெள்ளி அடைப்பின்மேல் பட்டால் சுரீரென்று ஒரு மின்னல் அடிக்குமே, அது இரண்டு உலோகமும் எச்சிலும் சேர்ந்து உண்டாக்கிய சிறிய மின்கலம்.

இரசக்கலவை மெல்ல அரிக்கும். ஆனால் அந்த அரிமானமே ஒரு நன்மையும் செய்தது. அரித்துண்டான உப்புகள் அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் படிந்து அதை அடைத்துக்கொண்டன. குழி கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் அது பொறுத்துக்கொண்டது. காம்போசிட்டுக்கு இந்த இரண்டு குணமும் இல்லை. தன் இடுக்கைத் தானே மூடிக்கொள்ளாது, ஈரத்தைச் சகிக்காது. பழைய பொருள் மருத்துவரின் சிறு குறைகளை மன்னித்தது, புதிய பொருள் மன்னிப்பதில்லை.

இருந்தாலும் இரசக்கலவை விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதை ஏற்புறுதி செய்தது. பல் அடைப்புக்கான இரசக்கலவையைப் படிப்படியாகக் குறைப்பது அதன் ஒரு பகுதி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் மருத்துவத் தேவையுள்ள சில விலக்குகளைத் தவிர அதை நிறுத்திவிட்டது. ஆகவே காம்போசிட்டைச் சரியாக வைப்பது இனி அழகு விரும்பிகளின் கவலை மட்டுமன்று; கடைவாய்ப் பல்லில் சொத்தை விழும் எல்லாருடைய கவலையும்தான்.

ஒளி செய்யும் வேலை

பசையில் கேம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். ஏறத்தாழ 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை அது உறிஞ்சிக்கொண்டு, உடனிருக்கும் அமீன் சேர்மத்தோடு வினைபுரிந்து தனி உறுப்புகளை உண்டாக்கும். அவை பிசின் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கும். பலபடியாக்கம் என்று பள்ளியில் படிப்பது இதைத்தான். வகுப்பில் அதற்குப் பாலித்தீன் பையைக் காட்டுவது வழக்கம். மாணவர் தம் வாய்க்குள்ளேயே நடக்கும் ஒரு பலபடியாக்கத்தைக் காட்டினால் பாடம் இன்னும் நன்றாக நிற்கும்.

ஒளியூக்கி நீலத்துக்கே இணங்குவதால்தான் பசையைக் கறுப்புக் குழலில் அடைத்து விற்கிறார்கள். மருத்துவர் ஆரஞ்சு நிறத் தடுப்பைப் பிடித்துக்கொள்வதும் கண்ணை அந்த நீலத்திலிருந்து காக்கவே. நாற்காலிக்கு மேலிருக்கும் வெள்ளை விளக்கிலும் நீலம் உண்டு. அது நேராகப் பட்டால் பசை வேலை முடியுமுன்னே இறுகத் தொடங்கும்.

எல்லா மூலக்கூறும் சங்கிலியில் சேர்வதில்லை. நன்றாக ஒளி காட்டிய காம்போசிட்டிலும் பாதி முதல் முக்கால் பங்கு இரட்டைப் பிணைப்புகளே வினைபுரிகின்றன. அகச்சிவப்பு நிறமாலைமானியில் இரட்டைப் பிணைப்புக்குரிய முகடு ஒளிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று ஒப்பிட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். மீந்துபோன மூலக்கூறுகள் எச்சிலில் கசியக்கூடும். பிஸ்-ஜிஎம்ஏ தயாரிக்க பிஸ்பீனால்-ஏ பயன்படுவதால் இதைப்பற்றிக் கேள்விகள் எழுந்திருக்கின்றன. வெளிவரும் அளவு மிகச் சிறியது. அடைத்து முடித்ததும் மேற்பரப்பைத் துடைத்து, வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்வதால் அது மேலும் குறையும்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த வினையைத் தடுக்கும். காற்றுப் பட்ட மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். அடுத்த அடுக்கு வைக்கும்போது அது ஒட்டுவதற்கு உதவும். கடைசி அடுக்கில் மட்டும் அது வேண்டாதது. அங்கே மைலார் என்ற ஒளிபுகும் தாளை அழுத்திப் பிடித்து ஒளி காட்டினால் பரப்பு கண்ணாடிபோல் வரும். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் வார்ப்பதால் கல்லுக்கு வழவழப்பு வருகிறதே, அதே உத்தி. ஒரே ஒரு வேறுபாடு, மைலார் பட்ட பரப்பில் பிசின் மிகுந்து தூள் குறைந்திருக்கும். அது தேய்மானம் தாங்காது. ஆகவே மேலே கொஞ்சம் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும்.

சுருக்கம் என்னும் பெரிய எதிரி

திரவத்தில் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி நிற்கும். சங்கிலியானதும் கையைக் கோத்துக்கொண்டு நெருங்கிவிடும். இதனால் காம்போசிட் இறுகும்போது பருமனில் நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று பங்கு சுருங்குகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பருமனில் நூற்றுக்கு 2 என்றால் நீளத்தில் அதன் மூன்றிலொரு பங்கு, அதாவது நூற்றுக்கு 0.67. குழி 4 மி.மீ. அகலம் என்றால் சுருக்கம் 0.027 மி.மீ., அதாவது 27 மைக்ரோமீட்டர். அடைப்பு ஒரு பக்கச் சுவரை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் இவ்வளவு இடைவெளி விழும். சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவின் குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதற்கு இது ராஜபாட்டை.

சுவரை விடாமல் இறுகப் பற்றிக்கொண்டாலும் முழு நிம்மதி இல்லை. சுருங்கும் விசை பல்லையே உள்ளே இழுக்கும். கடித்தால் கூச்சம், பல்லின் முகட்டில் மெல்லிய வெடிப்பு ஆகியவை அதன் விளைவு. பெட்டி போன்ற குழியில் ஐந்து பக்கம் ஒட்டியிருக்கும், ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்கும். பசை தளர்ந்துகொடுக்க இடமில்லை. அதனால்தான் நல்ல மருத்துவர் ஒரேயடியாகக் குழியை நிரப்பாமல் 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாக, சாய்வாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒளி காட்டி வைக்கிறார். 4 மி.மீ. வரை ஒரே தடவையில் நிரப்பக்கூடிய புதுவகைப் பசைகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் ஒளி அடிவரை போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பல்லோடு ஒட்டுவது எப்படி?

1955-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் மைக்கேல் புவனோகோர் என்ற பல் மருத்துவர், உலோகத் தகட்டில் வண்ணப்பூச்சு நன்றாகப் பிடிக்க முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதை நினைவில் கொண்டு, பல்லின் எனாமலிலும் அதைச் செய்து பார்த்தார். அமிலம் எனாமலை நுண்ணிய தேன்கூடாக அரித்தது. அந்தத் துளைகளில் பிசின் இறங்கி இறுகியதும் ஆயிரமாயிரம் ஆணி அடித்ததுபோல் பிடித்துக்கொண்டது. அவர் பயன்படுத்தியது 85 விழுக்காட்டு அமிலம். இன்று 37 விழுக்காட்டளவு போதும் என்று தெரிந்திருக்கிறது; எனாமலில் 15 முதல் 30 நொடி.

எனாமலுக்குக் கீழேயுள்ள தந்தினி முரண்டு பிடிக்கும். அதில் ஈரமும் புரதமும் நிறைய. பற்கூழிலிருந்து வரும் நுண்குழாய்களில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அமிலம் பட்டபின் மிஞ்சும் கொலாஜன் வலைக்குள் பிசின் ஊடுருவி ஒரு கலப்புப் படலம் உண்டாவதை ஜப்பானின் நாகாபயாஷி 1982-இல் விளக்கினார். அந்தப் படலம் சில மைக்ரோமீட்டர் தடிப்புத்தான். அதிகமாக உலர்த்தினால் வலை சுருண்டு படுத்துவிடும். ஈரம் மிஞ்சினால் பிசின் நீர்த்துப்போகும். ஒரு துளி எச்சிலோ ஈறின் இரத்தமோ பட்டால் அரித்த எனாமல்மேல் புரதப் படலம் ஏறிக்கொள்ளும். மறுபடி கழுவி அமிலம் வைக்க வேண்டும். பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டுவது இதற்காகத்தான். 1864-லேயே சான்ஃபோர்ட் பார்னம் கொண்டுவந்த எளிய கருவி அது. நம் ஊர்களில் அதை மாட்டும் வழக்கம் இன்னும் போதுமான அளவு வரவில்லை என்பது என் எண்ணம்.

சோதனைகள்

உலகமெங்கும் காம்போசிட்டுக்கு அடிப்படையான தரம் ஐ.எஸ்.ஓ. 4049. இதன் 2019 பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. அதிலுள்ள சோதனைகளை ஒவ்வொன்றாக அடுக்குவதைவிட, மாணவர்கள் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய மூன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது வளைவு வலிமை. காம்போசிட்டை 25 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிப்புள்ள குச்சியாக வார்த்து ஒளி காட்டி, 37 டிகிரி நீரில் ஒரு நாள் ஊறவைப்பார்கள். பிறகு 20 மி.மீ. இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் மெல்ல அழுத்தி ஒடிப்பார்கள். விசையை மூன்றால் பெருக்கி, இடைவெளியால் பெருக்கி, அகலத்தையும் தடிப்பின் வர்க்கத்தையும் பெருக்கி அதை இரட்டித்து வரும் எண்ணால் வகுத்தால் வலிமை கிடைக்கும். இந்த அளவுகளைப் போட்டால், விசையை 3.75 ஆல் பெருக்குவதாகச் சுருங்கும். கடிபரப்பில் வைக்கும் அடைப்புக்குக் குறைந்தது 80 மெகாபாஸ்கல் வேண்டும். அப்படியானால் விசை 21.3 நியூட்டன், எடையில் ஏறக்குறைய 2.2 கிலோ. தீக்குச்சி பருமனுள்ள ஒரு குச்சியின் நடுவில் இரண்டு கிலோ தொங்கவிட்டாலும் ஒடியக்கூடாது என்று பொருள். சீடையும் கைமுறுக்கும் கடிக்கிற ஊரில் இது நியாயமான எதிர்பார்ப்புத்தான்.

இரண்டாவது, இறுகிய ஆழம். இதுதான் எல்லாவற்றிலும் எளியது. பாடம் நிறைந்ததும் இதுவே. 4 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. உயரமும் கொண்ட அச்சில் பசையை நிரப்பி, மேலிருந்து மட்டும் ஒளி காட்டுவார்கள். அச்சைக் கழற்றி, அடியிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுவார்கள். இறுகாத பகுதி மாவாக வந்துவிடும். எஞ்சி நிற்கும் நீளத்தை அளந்து இரண்டால் வகுப்பார்கள். ஏன் இரண்டால்? கரண்டிக்குக் கடினமாகத் தெரியும் பகுதியின் கீழ்ப்பாதி போதுமான அளவு இறுகியிராது என்பதால். ‘கெட்டியாகிவிட்டது’ என்று கைக்குத் தோன்றுவதும் உண்மையில் இறுகியிருப்பதும் ஒன்றல்ல என்பதை ஒரு தரநிர்ணயமே இப்படி ஒப்புக்கொண்டிருக்கிறது. விடை 1.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது, ஒளிபுகா நிறங்களுக்கு 1 மி.மீ. ஆய்வகங்களில் இதைவிட நுட்பமாக, விக்கர்ஸ் கருவியால் மேற்பரப்பின் கடினத்தையும் அடிப்பரப்பின் கடினத்தையும் அளந்து, அடியில் மேலுள்ளதில் நூற்றுக்கு 80 பங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது நீர் உறிஞ்சல். 15 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிப்புள்ள வில்லையை உலர்த்தி நிறுத்து, ஏழு நாள் நீரில் இட்டு மறுபடி நிறுத்து, மீண்டும் உலர்த்தி நிறுப்பார்கள். ஒரு கன மில்லிமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடாது, 7.5 மைக்ரோகிராமுக்கு மேல் கரைந்து போகக்கூடாது. வில்லையின் பருமன் ஏறத்தாழ 177 கன மி.மீ. ஆதலால், உறிஞ்சலாம் என்ற அளவு 7 மில்லிகிராம், கரையலாம் என்ற அளவு 1.3 மில்லிகிராம். நல்ல தராசு இல்லாமல் இந்தச் சோதனை நடக்காது.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் அடைப்பு தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் அதன் அடியில் விழும் புதுச் சொத்தையையும் அடைப்பையும் பிரித்தறிய முடியாது. அதே தடிப்புள்ள அலுமினியத்தோடு ஒப்பிட்டு இதை அளக்கிறார்கள். கண்ணாடித் தூளில் பேரியம் போன்ற கனமான தனிமங்களைச் சேர்ப்பது இதற்காக.

மேற்சொன்னவை பசையைச் சோதிப்பவை. ஒட்டுதலைச் சோதிக்க உண்மையான பல் வேண்டும். வேறு காரணத்துக்காகப் பிடுங்கப்பட்ட பற்களைக் கிருமிநீக்கி நீரில் வைத்திருந்து, அவற்றில் அடைப்பு வைத்து, ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுக் குச்சிகளாக அறுத்து இரண்டு முனையையும் இழுத்துப் பார்ப்பார்கள். பல்லை 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான, சில ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான முறை முக்கி எடுப்பதும் உண்டு. ஐஸ் போட்ட சர்பத்தும் சுடச்சுட ஃபில்டர் காபியும் மாறிமாறிக் குடிப்பதன் ஆய்வகப் பதிப்பு இது. காம்போசிட் சூட்டில் விரியும் அளவு பல்லைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. ஆகவே ஒவ்வொரு முறையும் ஓரம் கொஞ்சம் அசைந்துகொடுக்கும. முடிவில் மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தில் ஊறவைத்துப் பல்லை இரண்டாக அறுத்தால், சாயம் எவ்வளவு தூரம் உள்ளே ஓடியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

நிறச் சோதனையும் உண்டு. மஞ்சள், காபி, வெற்றிலைச் சிவப்பு ஆகியவற்றில் ஊறவைத்து நிறமானியில் வேறுபாட்டை அளப்பார்கள். மஞ்சள்தூள் இதில் பொல்லாதது. செட்டிநாட்டுச் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு முன்பல் அடைப்பு பத்தாண்டும் பால்போல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவ்வப்போது மெருகு போட்டுக்கொண்டால் சரியாகும்.

நம் நாட்டில்

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் செயற்கை இதய வால்வினால் பெயர் பெற்றது. அதன் உயிர்மருத்துவப் பிரிவில் பல் அடைப்புக் காம்போசிட்டையும், பிசினுக்குள்ளேயே சிலிக்கன் சேர்ந்த ஓர்மோசர் வகைகளையும் உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல் வெளியாகி 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரலுக்குப்பின் எல்லா மருத்துவக் கருவிகளும் பொருள்களும் அதன் வரம்புக்குள் வந்தன.

கல்வியைச் சொன்னால், செட்டிநாட்டுக்கு இதில் பங்குண்டு. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தில், அவர் மகன் ராஜா சர் முத்தையா செட்டியார் பெயரால் 1980-இல் பல் மருத்துவக் கல்லூரி வந்தது. அது பின்னாளில் அரசுக் கல்லூரியாயிற்று. 2023-இல் பக்கத்துப் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

அடைக்கப் போகிறவர் கவனிக்க வேண்டியவை

பசை எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கலாம். அந்தச் சோதனைகளில் ஒளி சரியாக இருந்தது, ஈரம் இல்லை, அவசரம் இல்லை. மருத்துவமனையில் இந்த மூன்றும் உறுதியில்லை.

ஒளி விளக்கையே எடுத்துக்கொள்வோம். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 1000 மில்லிவாட் அளவில் ஒளி தரும். 20 நொடி காட்டினால் 20 ஜூல் ஆற்றல். அதே விளக்கு பழசாகி, மின்கலம் தளர்ந்து, நுனியில் பழைய பசை ஒட்டிக் காய்ந்து 400-க்கு இறங்கிவிட்டால் அதே 20 நொடியில் கிடைப்பது 8 ஜூல். நீலம் அப்போதும் கண்ணைப் பறிக்கும். மேற்பரப்பு அப்போதும் கெட்டியாகும். அடி மட்டும் இறுகாது. பல நாடுகளில் மருத்துவமனைகளுக்கே சென்று அளந்த ஆய்வுகளில் கணிசமான விளக்குகள் போதிய ஒளி தராமல் இருந்தன. ஒளியை அளக்கும் ரேடியோமீட்டர் உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி. அதைக் கொண்டு மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் மருத்துவர் தம் நோயாளிக்குப் பெரிய நன்மை செய்கிறார். விளக்கு நுனி பல்லைவிட்டுச் சில மில்லிமீட்டர் விலகினாலும், சாய்ந்தாலும் ஒளி குறையும். ஆகவே ஒளி காட்டும்போது நாம் தலையை ஆட்டாமல் இருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

வெயிலும் கவனிக்கத்தக்கது. பசையைப் பெரும்பாலான நிறுவனங்கள் 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கின்றன. சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை அலமாரி அதற்குப் போதாது. குழலின்மேல் காலாவதி நாள் அச்சிட்டிருக்கும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எத்தனை அடுக்காக வைப்பீர்கள், ரப்பர் திரை மாட்டுவீர்களா என்று கேட்பதையும் நல்ல மருத்துவர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஈரத்தைத் தடுக்கவே முடியாத இடங்களும் உண்டு. ஈறுக்குக் கீழே இறங்கிய சொத்தை, வாயைத் திறந்து வைத்திருக்க மறுக்கும் சிறு குழந்தை ஆகிய நிலைகளில் காம்போசிட்டைப் பிடிவாதமாக வைப்பதைவிடக் கண்ணாடி அயனோமர் நல்லது. 1972-இல் இங்கிலாந்தின் வில்சன், கென்ட் இருவரும் அறிவித்த பொருள் அது. வலிமை குறைவு, ஆனால் பல்லோடு வேதிமுறையில் தானே ஒட்டும், ஃபுளூரைடும் கசியவிடும்.

கடைவாய்ப் பல் காம்போசிட் அடைப்புகளை நீண்ட நாள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு தோற்கின்றன. ஓரத்தில் மீண்டும் சொத்தை விழுவதும், அடைப்போ பல்லோ உடைவதும் முதன்மைக் காரணங்கள். சொத்தை எளிதில் விழும் வாயில் இந்த எண்ணிக்கை கூடுகிறது. அடைப்பின் ஒரு மூலை உடைந்தால் முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. பழைய பரப்பைச் சொரசொரப்பாக்கி, சிலேனும் ஒட்டுப்பிசினும் தடவி, புதுப் பசையை மேலே வைத்துச் செப்பனிடலாம். நல்ல பல்லைத் தேவையில்லாமல் மறுபடி சுரண்டுவது மிச்சமாகும்.